சிறையில் மலர்ந்த செந்தமிழ்

தென்பாண்டி நாட்டிலே கரிசல் மண் பரந்த சீமையில் பாஞ்சாலங்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. வீரபாண்டியக் கட்டபொம்மன் அரசு வீற்றிருந்த இடம் அது. 1799-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அவனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டனர். அவன் கோட்டையையும் தரைமட்டமாக்கினர். கோட்டை அழிந்தது, கொள்கை அழியவில்லை. அம்மண்ணுக்கு அணித்தாயுள்ள ஓட்டப்பிடாரத்தில், 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் ஐந்தாம் நாள், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார் வ. உ. சிதம்பரனார்.

இளமையில் வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் பயின்றார். பாட்டியார் சொன்ன சிவபுராணக் கதைகளும் பாட்டனார் சொன்ன இராமாயணக் கதைகளும் அவர் உள்ளத்தில் பதிந்தன. பின்னர்ச் சட்டம் கற்றுத் தந்தையாரைப் போலவே வழக்குரைஞரானார். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். அவ்வரலாற்றை யாவரும் அறிவர். அவருடைய எழுதுகோலின் வரலாறோ பலர் அறியாதது. அதனையே இங்குக் காண்போம்.

1908-ஆம் ஆண்டில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். நாவன்மையும் எழுத்தாற்றலும் படைத்த அவ்விளைஞருக்குச் சிதம்பரனார் தம் இல்லத்தில் இடமளித்தார். அவரோடு ஒரே மேடையில் நின்று பேசினார். இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு சூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு நாற்பதாண்டுத் தண்டனை விதித்தார். அரசை எதிர்த்துப் பேசியதற்கு இருபதாண்டு; சிவாவுக்கு உறுதுணையாய் இருந்ததற்கு மற்றோர் இருபதாண்டு! பேசுவோன் ஒருவனுக்குத் தோள் கொடுத்தலும் பெருங்குற்றமாக எண்ணப்பட்ட காலம் அது. தீர்ப்பைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். உயர்நீதிமன்றம் பின்னர்த் தண்டனையைக் குறைத்தது. ஆயினும், குடும்பத்துக்கு நேர்ந்த துன்பத்தைக் குறைப்பார் யார்?

கோவைச் சிறையிலே சிதம்பரனார் செக்கிழுத்தார். மாடு இழுக்கும் செக்கை மனிதர் இழுக்க நேர்ந்த கொடுமையை என்னென்பது! உடல் நைந்த அந்நிலையிலும் அவர் உள்ளம் நையவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலொன்றை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழில் ஆக்கினார். அவர் சிறையில் இருந்தபோதே, 1909-ஆம் ஆண்டில், அந்நூல் வெளிவந்தது. பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். ஆங்கே குறள்நெறியைத் தழுவி 'மெய்யறம்' என்னும் நீதிநூலை இயற்றினார். உடனிருந்த கைதிகளுக்கு அறநூல்களை எடுத்துரைத்தார். செக்கடியில் நின்றவர் சிறைக்கூடத்தைப் பள்ளிக்கூடமாக்கினார்.

மாணவர்களே, சிறைப்பட்ட புலவர் ஒருவர் தம் உறுதி ஒன்றனால் மட்டும் நிலைத்து நிற்றல் அரிது. மதிலுக்கு வெளியே அவரை மறவாதார் சிலரேனும் இருத்தல் வேண்டும். சிதம்பரனாருக்கு அத்தகையோர் வாய்த்தனர். பெரியபுராணத்துக்கு விரிவுரை கண்ட சி. கே. சுப்பிரமணிய முதலியார் அக்காலத்தில் கோவையில் வழக்குரைஞராக இருந்தார். அரசின் சினத்துக்கு அஞ்சாது அவர் சிதம்பரனாருக்கு உதவினார். பரலி சு. நெல்லையப்பர் என்னும் இளைஞர், தம் தலைவருக்குத் தொண்டு செய்தற்பொருட்டே நெல்லைச் சீமையை விட்டுக் கோவைக்குச் சென்று தங்கினார்.

இந்நெல்லையப்பரே, புதுவையில் புகலடைந்திருந்த பாரதியாரின் அன்புக்கும் உரியவரானார். பாரதியார் அவரைத் தம் தம்பியாகவே கருதி ஊக்கினார். அவ்வூக்கம் வீண்போகவில்லை. பாரதியாரின் 'கண்ணன் பாட்டு' 1917-ஆம் ஆண்டில் நெல்லையப்பரால் அச்சேறியது. பிற்காலத்தில் சிதம்பரனாரின் வரலாற்றையும் அவர் எழுதினார். சிறைப்பட்டார்க்கு உதவிய கையே செந்தமிழ்ப் பாட்டையும் நாட்டுக்கு அளித்தது.

1912-ஆம் ஆண்டு திசம்பரில் சிதம்பரனார் விடுதலை பெற்றார். முன்னர் அவர் பேச்சைக் கேட்கக் கடற்கரையில் திரண்ட பெருங்கூட்டம் அன்று சிறைவாயிலில் இல்லை. சிறையிலே தொழுநோய்க்கு ஆளாகி, சற்று முன்னரே விடுதலை பெற்றிருந்த சிவா ஆங்கு வந்து நின்றார். முன்பு தம்மைத் தாங்கியவரை அன்று அவர் எதிர்கொண்டார்.

கப்பற் கம்பெனி கலைந்தது. வழக்குரைக்கும் உரிமையும் பறிபோயிற்று. வறுமை வந்து சூழ்ந்தது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர் திரட்டிய பொருளில், ரூபாய் 347-ம் சில்லறையும் 1916-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வழியாக அவருக்கு வந்து சேர்ந்தது. பின்னர், வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்குரைக்கும் உரிமை மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்தாரேயன்றி, ஆங்கிலேயர் ஒருவரின் நற்பண்பை அவர் வெறுத்தாரல்லர்.

பின்பு கரிசற் சீமைக்கே திரும்பிக் கோவிற்பட்டியில் வழக்குரைஞராகப் பணியாற்றினார். பொருள் வரவு குறைந்தது, தமிழ்ப்பணி குறையவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் இயற்றிய உரையின் அறத்துப்பாலை 1917-ஆம் ஆண்டிலும், தொல்காப்பிய எழுத்ததிகாரத்துக்கு இளம்பூரணர் இயற்றிய உரையை 1928-ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினெட்டாம் நாள் தூத்துக்குடியில் இயற்கை எய்தினார்.

அரசு அவர் கால்களில் விலங்கு பூட்டியது. கருத்துக்கு விலங்கு பூட்ட அதனால் இயலவில்லை. ஆயினும், அக்கருத்து ஏடேறி நம் கையில் வந்து சேர்ந்தமைக்கு, இடுக்கண் வந்த காலத்தில் விலகாது நின்ற சிலரும் காரணமாவர். எழுதுவோனைப் போற்றுதலும் தமிழ்த்தொண்டேயாம். சிதம்பரனாரை நினைக்குந்தோறும் கோவைக்குச் சென்ற அவ்விளைஞரையும் நாம் நினைத்தல் வேண்டும்.