மகளுக்குரிய ஏழு பங்கும் அல்-குவாரிஸ்மியின் பெருக்கலும்

வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் பெருக்கல் என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கும். ஓர் எண்ணில் எத்தனை ஒன்றுகள் உண்டோ, அத்தனை முறை மற்ற எண்ணை அடுக்குவதே பெருக்கல் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி (ரஹ்) அவர்கள்.

இன்றைய உஸ்பெகிஸ்தான் பக்கமுள்ள குவாரிஸ்ம் என்ற பகுதியால் அவர்களுக்கு அப்பெயர். ஏறத்தாழ கி.பி. 780 முதல் 850 வரை வாழ்ந்தார்கள். கலீஃபா மஃமூன் ஆட்சியில் (813–833) பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றினார்கள். வானியல், புவியியல் நூல்களும் எழினார்கள். அவை தனிக் கதை. நம் இந்திய எண்முறையை விளக்கி அவர்கள் எழுதிய நூலின் அரபு மூலம் கிடைக்கவில்லை, லத்தீன் வழியாகவே அறிகிறோம். கணினி உலகின் 'அல்காரிதம்' அவர்கள் பெயரின் திரிபுதான்.

அல்ஜிப்ரா நூலில் 11-ஐ 12-ஆல் பெருக்கும் வழி அழகானது. பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் எனப் பிரித்தால் 100, 20, 10, 2, ஆக 132. அந்நூலில் ஏறக்குறைய பாதி, பாகப்பிரிவினைக் கணக்கு. ஓர் ஆலிமாக நமக்கு அதில் வியப்பில்லை.

ஏலாக்குறிச்சி பக்கம், கொள்ளிடக்கரையில் 40 சென்ட் நிலத்தை விட்டு ஒருவர் மவ்த்தாகிறார் என வைத்துக்கொள்வோம். ஜனாஸா செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக மிஞ்சியது அது. பெற்றோர் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழை, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ஏழு ஐந்தால் வகுபடாது. எனவே எட்டை ஐந்தால் பெருக்கி 40 பங்காக்குகிறோம். ஃபராயிள் பாடத்தில் இதற்குத் தஸ்ஹீஹ் என்று பெயர். மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7.

அந்த 7 சென்ட் பல வீடுகளில் மகளின் கைக்கு வருவதில்லை. நகை போட்டோம், சீர் செய்தோம் என்று கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழிக்க அன்னிஸா அத்தியாயத்தில் இடமில்லை.

1145-இல் செஸ்டர் ஊர் ராபர்ட் அல்ஜிப்ராவை லத்தீனில் பெயர்த்தார். சமன்பாடுகள் ஐரோப்பாவுக்குப் போயின. பாகப்பிரிவினைப் பகுதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. 1831-இல் லண்டனில் அரபு மூலத்தோடு வந்த ஆங்கிலப் பதிப்பில் அது இருக்கிறது.