அறிஞர் பிளினி

சேரநாட்டு முசிறித் துறையையும் பாண்டியர் தலைநகராகிய மதுரையையும் தம் நூலிற் குறித்து வைத்த உரோமானிய அறிஞர் பிளினி ஆவார். இந்தியப் பண்டங்களுக்கு ஈடாக உரோமாபுரியின் செல்வம் ஆண்டுதோறும் கடல் கடந்து செல்வது கண்டு வருந்தியவரும் அவரே.

பிளினி கி.பி. 23ஆம் ஆண்டளவில் இத்தாலியின் வடபகுதியிலுள்ள கோமோ நகரிற் பிறந்தார். இளமையில் குதிரைப்படைத் தலைவராகப் பணிபுரிந்தார். பகலில் அரசாங்க அலுவல்; இரவில் நூலாராய்ச்சி. உணவு கொள்ளும்போதும் பிறர் நூல் படிக்கக் கேட்டுக் குறிப்பெடுப்பார். இவ்வுழைப்பின் பயனே 37 பகுதிகளையுடைய ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூல்.

கி.பி. 79ஆம் ஆண்டில் அவர் மிசேனம் துறைமுகத்தில் கடற்படைத் தலைவராய் இருந்தார். ஒருநாள் வெசூவியஸ் மலையிலிருந்து, நெடிது வளர்ந்து கிளை பரப்பிய மரம் போன்றதொரு முகில் எழுந்தது. அதனை அருகிற் சென்று ஆராய விரும்பிய பிளினி, சிறு மரக்கலம் ஒன்றைச் சித்தஞ் செய்யுமாறு பணித்தார். அவ்வேளையில், மலையடியில் வாழ்ந்த ரெக்டினா என்னும் பெண்மணி தம்மைக் காக்குமாறு வேண்டி விடுத்த மடல் வந்தது. அறிவை நாடிப் புறப்பட்டவர் அருளால் உந்தப்பெற்றார். மக்களை மீட்கப் பெரிய போர்க்கலங்களையே செலுத்தினார்.

வெம்மை மிக்க சாம்பலும் நுரைக்கற்களும் கலங்களின் மீது பொழிந்தன. திரும்பிவிடலாம் என்று மாலுமி வேண்டியும் பிளினி இசைந்திலர். ஸ்டேபியே என்னும் ஊரில் நண்பர் இல்லத்தை அடைந்து, அஞ்சி நடுங்கியவர்களைத் தேற்றினார். மறுநாள் கடற்கரையில் மூச்சுத் திணறி உயிர் நீத்தார். பாம்பேய் நகரம் சாம்பலில் புதைந்தது.

அம்மலையைச் சீறச் செய்தது எது? நீரே பெருங்காரணம் என்று பிற்கால அறிஞர் கண்டனர். நில ஆழத்துப் பாறைக்குழம்பில் நீர் கரைந்துள்ளது. பேரழுத்தம் உள்ளவரை அது அடங்கியிருக்கும். குழம்பு மேலெழும்போது அழுத்தம் குறையும். நீர் ஆவிக்குமிழிகளாகப் பிரிந்து விரியும். மூடி திறந்த சோடாப்புட்டியைப் போலக் குழம்பு நுரைத்துச் சிதறும். நிலத்தடி நீரும் வந்து கலப்பின் வெடிப்பு மேலும் கடுமையாகும். சிதறிய நுரை உறைந்ததே நீரில் மிதக்கும் நுரைக்கல். செஞ்சி, பனமலைப் பக்கத்துக் குன்றுகளின் பாறைகளோ நில ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகியவை. ஆதலின் அவற்றில் அத்தகைய குமிழித்துளைகள் இல்லை.

பிளினியின் இறுதிச் செயல்களை அவர்தம் மருகர் பின்னாளில் மடலாக எழுதி வைத்தார். இத்தகைய எரிமலைச் சீற்றத்தை நிலநூலறிஞர் இன்றும் பிளினியின் பெயராலேயே வழங்குகின்றனர். பிறர் துயர் துடைக்கச் சென்று உயிர் ஈந்த அறிஞரின் பெயர் இவ்வாறு நிலைபெற்றது.