கொண்ட பற்றில் குன்றாத இரட்டைமலை சீனிவாசனார்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். கோவையில் கல்வி பயின்ற நாளில், தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி, உடன்பயிலும் மாணவரோடு கலவாது ஒதுங்கியே இருந்தார். நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியபின் 1890-இல் சென்னை சேர்ந்தார். 1893-இல் இதழொன்று தொடங்கி, அன்று மறைத்த குலப்பெயரையே அதற்குச் சூட்டினார். ஏழாண்டுகள் நடந்த அவ்விதழ் ‘பறையன்’ ஆகும். தம் மக்களைத் தம்மவரென்று ஊரறியச் சொல்லுதலே பொதுத்தொண்டின் முதற்படி என்பதை அவர் செயலால் காட்டினார்.

தென்னாப்பிரிக்கா சென்று திரும்பிய அவர், 1923-இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் யாவும் எல்லோர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-இல் கொணர்ந்து வென்றார், அரசும் ஆணையிட்டது. அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்த நம் திருத்தணியும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே. ஆகவே இவ்வூர்ப் பொதுக்கிணறுகளுக்கும் அவ்வாணை உரியதாயிற்று. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து உரிமைக்கு வாதாடினார். 1945-இல் மறைந்தார்.

ஆணை ஏட்டில் இருப்பது வேறு. குடமேந்திக் கிணற்றடிக்குச் செல்வது வேறு. சபையில் ஒருவர் பூண்ட உறுதி, பல்லாயிரவர் அன்றாடம் துணிந்து நடந்தாலன்றி நிறைவேறாது. கூலிக்குச் செல்லும் நாளிலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும், குலம் கேட்டால் தலைநிமிர்ந்து சொல்லும் மாணவரும் சீனிவாசனாரின் பணியைத் தொடர்பவரே ஆவர்.