சங்கரதாஸ் சுவாமிகளும் சேரிக் கூத்தும்

புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளி தாங்கி நிற்பது சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை. 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், கூத்தின் புராணக் கதைகளை மேடை நாடகங்களாக்கினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவி, சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் பயிற்றினார். மானியம் ஏது? சீட்டு வசூலே அச்சிறுவர்களின் சோறு. வசூல் குறைந்தால் அடுத்த ஊர். பக்கவாதம் தாக்கிய பின்னும் நாடகத்தைத் துறக்காதவர், 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்து, கருவடிக்குப்பத்தில் அடக்கமானார். சங்கீத நாடக அகாதமி தொடங்கியதோ 1953-இல்.

அவர் சேரியில் பிறந்தவரல்லர். ஆயினும் பிள்ளையார்குப்பத்துச் சேரிக் கூத்துக்குழு நடுவண் அரசின் நிதி கோரினால், பதிவுச் சான்றும் தணிக்கைக் கணக்கும் கேட்கப்படுகையில், நாம் அவரையே நினைக்கிறோம். வசூலை அன்றன்றே உலையிலிட்ட அவரது சபை இவற்றை எங்ஙனம் காட்டியிருக்கும்?