பயிருணவு கண்ட பேரறிஞர் லீபிக்

1816ஆம் ஆண்டிலே ஐரோப்பாவுக்குக் கோடை வரவில்லை. முந்திய ஆண்டில் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய தூசு வானத்தை மறைத்தமையால், வெயில் எறிக்க வேண்டிய மாதங்களிலும் குளிர் நீங்காது, மழை ஓயாது, கதிர் வயலிலேயே அழுகிற்று. ஜேர்மனியின் பல பகுதிகளில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அந்நாளில் டாம்ஸ்டட் நகரிலே, சாயமும் மருந்துச் சரக்கும் விற்கும் வணிகர் ஒருவரின் இல்லத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். 1803 மே 12ஆம் நாள் பிறந்த அவனே, பின்னாளில் பயிரின் பசியை ஆராய்ந்து உலகப் புகழ் எய்திய யுஸ்டுஸ் லீபிக்.

பள்ளியில் அவர் மந்தமான மாணாக்கர். எதிர்காலத்தில் யாதாக விரும்புகிறாய் என ஆசிரியர் வினவ, இரசாயனி ஆவேன் என்று அவர் விடையிறுத்தாராம். வகுப்பு முழுவதும் கொல்லெனச் சிரித்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். இரசாயனம் ஒரு வாழ்க்கைத் தொழிலாகும் என்பதை அன்று எவரும் எண்ணியதில்லை. மருந்துக் கடையொன்றில் தொழில் பயிலச் சென்றவர் ஓராண்டும் நிறையாமுன் வீடு திரும்பினார். அவர் செய்த வெடிமருந்துச் சோதனை கூரையைப் பெயர்த்ததென்று ஒரு கதை வழங்குகிறது. தந்தையாரால் பயிற்சிக் கட்டணம் செலுத்த இயலாமற் போனதே காரணம் என்பாரும் உளர். சுவையுடையது முன்னையது, நம்பத்தக்கது பின்னையது.

பொன், ஏர்லாங்கன் என்னும் நகரங்களிற் கற்றபின், அரசரின் உதவிப்பணம் பெற்றுப் பாரிசு சென்று கேலுசாக் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். அங்கே அறிஞர் ஹம்போல்ட்டின் பார்வை இவர்மேல் விழுந்தது. அவர் பரிந்துரையால் 1824இல், 21 வயதிலேயே, கீசன் என்னும் சிற்றூர்ப் பல்கலைக்கழகத்தில் லீபிக் பேராசிரியரானார். கைவிடப்பட்ட படைவீரர் காவற்கூடம் ஒன்றே அவருக்கு ஆய்வுகூடமாகக் கிடைத்தது. மாணாக்கர் நூலைப் படித்துவிட்டுப் போகாமல் தம் கையாலேயே சோதனை செய்து கற்கும் முறையை அவர் அங்கே வேரூன்றச் செய்தார். ஐந்து குமிழ்கள் கொண்ட சிறு கண்ணாடிக் கருவியொன்றை 1831இல் அமைத்து, உயிர்ப்பொருள்களிலுள்ள காபனை எளிதில் அளக்கும் வழியையும் கண்டார். கீசனைத் தேடி இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாணாக்கர் வந்தனர். நல்லாசிரியன் இருக்குமிடமே பல்கலைக்கழகம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி நம் பொருளுக்கு வருவோம். மண்ணிலுள்ள உக்கிய இலைதழைகளையே வேர் உண்டு மரம் வளர்கிறதென்பது அக்காலத்து அறிஞர் பலரின் துணிபு. 1840இல் வெளியிட்ட வேளாண் இரசாயன நூலில் லீபிக் அதனை மறுத்தார். காபனைப் பயிர் காற்றிலிருந்து பெறுகிறது. மண்ணிலிருந்து அது பெறுவன பொற்றாசு, பொசுபேற்று, சுண்ணாம்பு முதலிய தாதுப்பொருள்களே. பயிரை எரித்தால் எஞ்சும் சாம்பலே அது நிலத்திலிருந்து கொண்டதைக் காட்டும் கணக்கேடு. எடுத்ததைத் திருப்பிக் கொடாத நிலம் வறுமையுறும். தேவையானவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே விளைச்சலின் அளவை வரையறுக்கும். இவற்றுட் சிலவற்றை அவருக்கு முன்னரே சோசூர் என்பாரும் சுப்பிறெங்கல் என்பாரும் கண்டிருந்தனர். சுப்பிறெங்கலுக்கு உரிய புகழை லீபிக் போதிய அளவு வழங்கினாரல்லர். எனினும், ஆய்வேடுகளில் உறங்கிய உண்மையை உழவரும் அரசரும் கேட்கும்படி முழங்கியவர் அவரே.

தென்னையடியில் அடுப்புச் சாம்பலைக் கொட்டுவதும், அரிசி கழுவிய நீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் வார்ப்பதும் நம் இல்லங்களில் எவரும் கற்பியாமலே வந்த வழக்கம். அதன் காரணத்தை லீபிக்கின் நூல் விளக்கியது. செடி உண்பதில்லை, பருகுகிறது. நீரிற் கரையாத எதனையும் வேர்மயிர் ஏற்பதில்லை. சாம்பலிலுள்ள பொற்றாசு நீரில் எளிதிற் கரைவதால் மரத்தைச் சேர்கிறது. கரைசலிலும் அளவு வேண்டும். உப்பு மிகுந்த நீர் வேருக்கு ஊட்டாது. வேரிலுள்ள நீரையும் உறிஞ்சி அதனைக் கருக்கும்.

பொசுபேற்று நிறைந்த எலும்பு நீரிற் கரையாதது. ஆதலின் எலும்புத் தூளின்மேல், அதன் எடையிற் பாதியளவு கந்தக அமிலத்தை நீர் கலந்து ஊற்றிக் கரையச் செய்து, பின்னர் நூறு பங்கு நீர் விட்டு வயலிலே தெளிக்குமாறு அந்நூலிலேயே அவர் வழி கூறினார். தாதுப் பசளையை நீர்வடிவில் நிலத்துக்கு ஊட்டும் தெளிவான முறை இது. இங்கிலாந்தில் லோஸ் என்னும் நிலக்கிழார் 1842இல் கரையும் பொசுபேற்றுப் பசளைக்கு உரிமைச்சாசனம் பெற்று ஆலை நிறுவினார்.

லீபிக்கோ, தாமே காட்டிய வழியைத் தாமே கைவிட்டார். கரையும் உப்பை நிலத்திலிட்டால் முதல் மழையிலேயே அது கழுவுண்டு ஆற்றோடு போய்விடுமே என்ற அச்சம் அவரைப் பற்றியது. மாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரப் பகுதியில், மாரி வெள்ளம் வயலைத் தழுவி ஓடுவதை ஆண்டுதோறும் காணும் நமக்கு அவ்வச்சம் நியாயமாகவே தோன்றும். ஆகவே 1845இல், பொற்றாசையும் பொசுபேற்றையும் சுண்ணாம்போடு உலையிலிட்டு உருக்கி, எளிதிற் கரையாத ஒரு பசளையை வகுத்து உரிமைச்சாசனம் பெற்றார். லிவர்ப்பூலில் மஸ்பிராட் என்பாரின் ஆலை அதனைச் செய்து விற்றது. பேரறிஞரின் பெயரை நம்பி உழவர் பொருள் கொடுத்து வாங்கினர், பயிர் நிமிரவில்லை. உணவு முழுவதும் வேரின் அருகிலேயே இருந்தது. ஆயினும் கல்லாய்க் கிடந்தது. ஏளனம் எழுந்தது. கீசனுக்கு அண்மையில் வளமற்ற மணல்நிலம் ஒன்றை வாங்கிப் பல ஆண்டு சோதித்தும் அவருக்குக் காரணம் விளங்கவில்லை.

இதே இடர்ப்பாடு நம் நாட்டிலும் உண்டு. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் பெரும் பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அக்கல்லின் தூள் மெல்லக் கரைவது. நெடுங்காலம் நின்று பருகும் தென்னைக்கும் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது ஏற்கும். சில மாதங்களில் விளைந்து முடியும் நெல்லின் அவசரத்துக்கு அது உதவுவதில்லை.

லீபிக்கின் புதிரை விடுவித்தவர்கள் ஆங்கிலேயர் இருவர். தொம்சன் என்னும் நிலக்கிழார் மண் நிரப்பிய குழாய்களில் அமோனியாக் கரைசலை ஊற்றி, மண் அதனைப் பற்றிக்கொள்வதைக் கண்டார். வே என்னும் இரசாயனி 1850இல் அதனை விரித்தாராய்ந்து, பொற்றாசையும் மண் அவ்வாறே பிடித்து வைக்கிறதென நிறுவினார். களிமண் துகள்கள் அவ்வுப்புக்களைத் தம்மேற் பற்றி வைத்திருந்து, வேர் கேட்குந்தோறும் சிறிது சிறிதாக விடுகின்றன. நைதரசனின் நைத்திரேற்று வடிவம் மாத்திரம் அவ்வாறு நிற்பதின்றி மழையோடு இறங்கிப் போகும். ஆகையாற்றான் அதனைப் பலமுறை பகுத்திட வேண்டியிருக்கிறது. எஞ்சியவற்றைப் பொறுத்தவரை, லீபிக் உலையிட்டுச் செய்ய முயன்ற காவலை மண் தொன்றுதொட்டே செய்து வந்தது.

இங்கேதான் அம்மனிதரின் பெருமை தெரிகிறது. அவர் பணிவுக்குப் பெயர்போனவரல்லர். எதிர்த்தவரைக் கடுஞ்சொல்லால் தாக்கும் இயல்பினர். லோசும், கீசனில் தம்மிடமே பட்டம் பெற்ற கில்பேட்டும் 1843 முதல் றொதம்ஸ்ரெட்டில் நடத்திய சோதனைகள், கோதுமைக்கு நைதரசனையும் இட்டேயாக வேண்டும் எனக் காட்டியபோது, மழையில் வரும் அமோனியாவே போதுமென்று நெடுங்காலம் வாதாடினார். அத்தகையவர் 1862இல் தம் வேளாண் நூலின் புதிய பதிப்பில், பசளையைக் கரையாமற் செய்தது தம் தவறு என வெளிப்படையாக எழுதினார். படைத்தவனின் ஞானத்தைத் திருத்தப் புகுந்தமைக்குத் தக்க தண்டனை பெற்றதாகவும் கூறினார். அப்பொழுது அவருக்கு வயது 59. பிரபுப் பட்டம் பெற்று, மியூனிக் நகரிலே புகழின் உச்சியில் இருந்தார். எழுதாது விட்டிருந்தாலும் அவரைக் கேட்பார் இல்லை. மாணாக்கரின் ஏடுகளைத் திருத்தியே காலம் கழிக்கும் நம்போல்வார் இப்பகுதியை இருமுறை வாசித்தல் நன்று.

அக்காலத்திலேயே சாக்ஸ், குனொப் என்னும் ஜேர்மானியர் மண்ணே இன்றி, தாதுவுப்புக் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினர். இன்று திரவப் பசளைகள் யாவும் அவ்வழி வந்தனவே. ஆனால் நீர்வடிவம் உணவைக் கொண்டுசெல்லும் வாகனம். வாகனத்தைக் கண்டு சுமையின் அளவை மறக்கலாகாது. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் என்னும் திரவம் வானூர்தியில் வந்தது. இவ்வகைத் திரவத்தில் நூற்றுக்கு 4 பங்கு நைதரசன் எனக் கொண்டால், அரை இலீற்றர்ப் போத்தலில் இருப்பது ஏறத்தாழ 20 கிராம். 50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ. இலையிலே தெளிப்பதால் வீண்போவது குறையும் என்பது உண்மையே. ஆயினும் நெல் எடுத்த நைதரசனைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு அதனால் நேராகாது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போகத்தின் விளைச்சற் குறைவை அறியாத உழவர் இம்மாவட்டத்தில் இலர்.

லீபிக்கின் முதுமைக் கவலையும் அந்தக் கணக்கைப் பற்றியதே. கிராமத்து வயல்களின் பொசுபேற்றும் பொற்றாசும் தானியமாகவும் இறைச்சியாகவும் இலண்டனுக்குப் போய், கழிவாகித் தேம்சு நதி வழியே கடலிற் கலப்பதை அவர் கண்டு மனம் புழுங்கினார். கழிவை நிலத்துக்கே மீட்கும்படி 1865இல் அந்நகர முதல்வருக்குக் கடிதங்கள் விடுத்தார். சீனரும் யப்பானியரும் அவ்வாறு செய்து பன்னூறாண்டு நிலத்தைக் காத்தமையை எடுத்துக் காட்டினார்.

1873 ஏப்ரல் 18ஆம் நாள் மியூனிக்கில் அவர் காலமானார். கீசன் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பழைய காவற்கூடத்து ஆய்வுகூடம் நூதனசாலையாகப் பேணப்படுகிறது. அவரோடு வாதிட்டோர் தொடங்கிய றொதம்ஸ்ரெட் கோதுமை வயலில் 1843ஆம் ஆண்டுச் சோதனை இன்னும் நடைபெறுகிறது. அதனையொத்த நிரந்தரப் பசளைச் சோதனை நிலம் ஒன்று கோயம்புத்தூரிலும் 1909இல் ஏற்பட்டது.