கஞ்சி சுமந்த குருவானவர்

கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்திலும் செங்கற்பட்டிலும் நாம் ஞாயிறுதோறும் பூசை காண்கிறோம். மணி அடித்தால் குருவானவர் பீடத்தருகே நிற்பார். விடியற்காலையில் எழுந்திருக்கச் சோம்பல்பட்டுப் பூசையைத் தவற விடுகிறவர்களும் நம்மில் உண்டு. ஆனால் மாமல்லபுரத்துக் கரையில் மோதும் இதே கடல் சூழ்ந்த இலங்கைத் தீவில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசை வைக்கக் குருவானவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருக்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்றும் சட்டமிட்டார்கள். பிள்ளைகள் ஞானஸ்நானமின்றி வளர்ந்தார்கள். முதியவர்கள் அவஸ்தைப்பூசுதலின்றி இறந்தார்கள்.

இந்தச் செய்தி கோவாவிலிருந்த ஓர் இளங்குருவின் உள்ளத்தை வாட்டியது. அவர்தான் யோசேப் வாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21-ல் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தவர். கொங்கணி பேசும் பக்தியுள்ள குடும்பம். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். அன்று முதல் செருப்பணியாமல் வெறுங்காலுடனே நடந்தார். மறு ஆண்டில் தேவதாயின் அடிமையாகத் தம்மையே எழுதிக் கொடுத்து, அந்த ஓலையில் கையொப்பமும் இட்டார். அடிமைக்குத் தன் விருப்பம் என்று ஒன்றும் கிடையாது, எசமானியின் வேலையே வேலை. அடிகளாரின் மீதி வாழ்நாள் முழுவதும் அந்த ஓலைக்கு உரை எழுதியது போலவே அமைந்தது.

1687-ல் யோவான் என்னும் பணியாளுடன் தூத்துக்குடிக்கு வந்தார். அங்கியைக் களைந்துவிட்டு, கூலியாள் வேடத்தில் தோணி ஏறினார். வழியில் புயல் அலைக்கழித்தது. யாழ்ப்பாணம் சேர்ந்தபோது கடுமையான வயிற்றுக்கடுப்பால் நடக்கவும் முடியாமல் விழுந்தார். ஒட்டுநோய் என்று அஞ்சி ஊருக்கு வெளியே அவரைத் தள்ளிவிட்டார்கள். குருவானவர் என்பதை யாரிடம் சொல்வது? இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் அவர் உயிர் பிழைத்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அந்தத் தாயின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நம் பள்ளியில் ஒரு வகுப்பறைக்கே சூட்டலாம்!

குணமானதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்கள் கத்தோலிக்கர் என்று கண்டுகொண்டார். பிறகு சில்லாலைக் கிராமத்தில் மறைந்திருந்து, இரவு நேரங்களில் பூசை வைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது புத்தளத்துக்குப் போனார். 1692-ல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். அங்கே போர்த்துக்கேயரின் உளவாளி என்று பழி சுமத்திச் சிறையில் அடைத்தார்கள். சிறையிலேயே ஒரு சிறு பீடம் அமைத்துச் செபித்தார், சிங்களமும் கற்றார். தமிழை முன்னரே கற்றிருந்தார். அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை நெடுநாள் கவனித்து, குற்றமற்றவர் என்று தெளிந்தான்.

1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியது. அந்நாளில் அதற்குத் தடுப்பூசி இல்லை; எட்வர்ட் ஜென்னர் அதைக் கண்டது 1796-ல்தான். அரசனே நகரத்தை விட்டு நீங்கினான். வசதியுள்ளவர்கள் ஓடினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்தக் குடும்பத்தாரே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். தாய் பிள்ளையை விட்டாள், மகன் தகப்பனை விட்டான். அவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் எளிதில் ஏசிவிடக்கூடாது. அம்மைக் கொப்புளங்களின் நாற்றத்தையும் சாவின் பயத்தையும் நாம் அறிந்தவர்களல்லர்.

அடிகளாரும் உடன் உழைத்த யோசேப் கர்வாலோ அடிகளும் ஓடவில்லை. காட்டில் கிடந்தவர்களுக்குக் குடிசைகள் போட்டார்கள். கஞ்சி காய்ச்சி, எழுந்திருக்க முடியாதவர்களுக்கு வாயில் ஊட்டினார்கள். புண்களைக் கழுவினார்கள், அசுத்தத்தைத் தங்கள் கைகளால் அள்ளினார்கள், இறந்தவர்களுக்குக் குழி தோண்டினார்கள். கத்தோலிக்கனா, பௌத்தனா என்ற கேள்வி அந்தக் குடிசைகளின் வாசலில் எழவில்லை. இது ஒரு நாள் உற்சாகமன்று. காலையில் எழுந்ததும் அதே அடுப்பு, அதே கஞ்சி, அதே நாற்றம். இப்படியே பல மாதங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில், ஒட்டுநோய்க்காரன் என்று தள்ளப்பட்ட ஓர் அந்நியனுக்கு ஆண்டவர் ஒரு பெண்ணின் கையால் கஞ்சி அனுப்பினார் அல்லவா? அந்த இரக்கத்தை வாங்கியவரின் கையில் இப்போது கஞ்சிக் கலயம் இருந்தது.

நோய் தணிந்தபின் அரசன் அவரை மனமாரப் பாராட்டினான். மறைப்பணிக்கு இருந்த தடைகளும் தளர்ந்தன. பின்னாளில் கோவாவிலிருந்து வேறு குருக்கள் துணைக்கு வந்தார்கள். 1705-ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் எழுதினார். அடிகளாருக்கோ ஆயர் பதவி தேடி வந்தும் அதை ஏற்கவில்லை. நோயுற்றவர் எங்கேனும் அழைத்தால் காடு மலை தாண்டி நடந்தே போய் வந்தார்.

1711 சனவரி 16-ல் கண்டியில் உயிர் நீத்தார். 1995-ல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 சனவரி 14-ல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய திருநாளான சனவரி 16 நமக்குப் பொங்கல் விடுமுறையில் வருகிறது. அதனால் பள்ளிப் பூசையில் அவர் பெயரைக் கேட்கும் வாய்ப்பு நம் மாணவியருக்குக் கிடைப்பதில்லை. அன்று நாம் வீட்டில்தான் இருப்போம், அடுப்பில் பொங்கிய பானையின் அருகே.