படிக்கட்டில் தடுக்கிய ஃபாரன்ஹீட்

காய்ச்சல்னா 101, 102-ன்னு சொல்றோமே, அந்த அளவுக்குப் பெயர் கொடுத்தவர் டேனியல் ஃபாரன்ஹீட். அந்தப் பெயரைத் தாண்டி அவரைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது.

1686-ல் பால்டிக் கடலோர டான்சிக் நகரில் பிறந்தார். 15 வயதில் அப்பா, அம்மா இருவரையும் ஒரே நாளில் இழந்தார். காரணம் விஷக் காளான். காப்பாளர்கள் வியாபாரம் பழக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினாங்க. இவர் மனசோ கண்ணாடிக் குழாய்கள் மேல. வேலையை விட்டு ஓடினார். பிடித்துக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்ற ஆணையே வாங்கினாங்க. சிக்காமல் ஊர் ஊராக அலைந்து, வெப்பமானி செய்வதில் பெரிய ஆளானார்.

1721 மார்ச்சில் ஒரு சோதனை. கண்ணாடிக் குமிழில் பாதி மழைநீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடினார். இரவு முழுக்கக் கடுங்குளிரில் வைத்தார்: 15 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 9 செல்சியஸ். காலையில் பார்த்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கு! குமிழின் முனையை உடைத்ததும் காற்று நுழைந்தது, மளமளவென உறைந்தது. இன்னொரு முறை குமிழோடு படிக்கட்டில் கால் தடுக்கியது. அந்தக் குலுக்கலிலேயே உள்ளே பனிச் செதில்கள். 1724-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதை வெளியிட்டது. 1736-ல் தி ஹேக் நகரில், வசதியில்லாதவராகவே இறந்தார்.

இப்போ எதுக்கு இந்தக் கதை? தானமாகக் கிடைக்கும் கல்லீரலை 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் அரை நாள் தாங்குவதே அதிகம். அதற்குள் ஆள் தேடணும், ஊர் கடக்கணும். இன்னும் குளிர்வித்தால் ஐஸ் படிகங்கள் செல்களைக் கிழிக்கும். 2019-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் மனிதக் கல்லீரல்களை மைனஸ் 4 டிகிரியில் உறையாமல் வைத்து, மொத்தம் 27 மணி நேரம் காப்பாற்றினாங்க. பாதுகாப்புத் திரவம் செலுத்தினாங்க. கூடவே பையிலிருந்த காற்றை எடுத்துட்டாங்க. ஆமாம், அதே குமிழ்ப் பாடம்! அந்தக் கல்லீரல்களை யாருக்கும் பொருத்தவில்லை. இயந்திரத்தில் இணைத்துத்தான் சோதித்தாங்க.

காற்றை வெளியேற்றியாச்சு. ஆனா உறுப்பு ஆம்புலன்ஸில் போகணுமே, ரோடு குலுக்குமே? காற்றிடமே இல்லாத கெட்டிப் பாத்திரத்தில் நிரப்பி மூடினால், மைனஸில் இருக்கும் தண்ணீர் குலுக்கலையும் தாங்குகிறது என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் படிக்கட்டுக்கான பதிலைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்.